லொறியில் போன தேயிலை குறைந்து சேர்ந்தால்: முதல் மணி நேரம் முதல் நீதிமன்றம் வரை

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து வாடகை லொறியில் 200 பை தூள் கொழும்புக் களஞ்சியத்துக்குப் போயிருக்கிறது. இரவில் லொறி வழியில் சில மணி நேரம் நின்றிருக்கிறது. இன்று காலை இறக்கி எண்ணினால் 162 பைதான். அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் "வழியில் நடந்தது, அங்கே போய்ச் சொல்லுங்கள்" என்கிறார்கள். லொறி உரிமையாளர் டிரைவரைக் கைகாட்டுகிறார். யாரிடம் முறையிடுவது, காப்புறுதிப் பணம் கிடைக்குமா, டிரைவரின் சம்பளத்தில் பிடிக்கலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: எந்த இரண்டு கையெழுத்துகளுக்கு நடுவே சரக்கு போனது? பொலிஸும் காப்புறுதிக்காரரும் லொறிக்காரரின் சட்டத்தரணியும் சுற்றிச் சுற்றி இதைத்தான் கேட்பார்கள். பெக்கிங் அறையில் ஒருவர் எண்ணிக் கையெழுத்திட்டார். லொறியில் ஏற்றும்போது ஒருவர், கேட்டில் ஒருவர், களஞ்சியத்தில் ஒருவர். கடைசியாக 200 என்று எழுதிக் கையெழுத்திட்ட இடத்துக்கும், முதலில் 162 என்று எழுதப்பட்ட இடத்துக்கும் இடைப்பட்டதுதான் உங்கள் வழக்கு. அந்த இடைவெளி எவ்வளவு குறுகலோ, வழக்கு அவ்வளவு பலமாக நிற்கும். கேட் பாஸில் "ஒரு லொறி தேயிலை" என்று மட்டும் எழுதியிருந்தால், திருட்டு பெக்டரிக்குள்ளேயே நடந்திருக்கலாம் என்று லொறிக்காரர் வாதிடுவார். அதற்கு மறுமொழி சொல்ல உங்களிடம் தாள் இருக்காது.

லொறி இன்னும் களஞ்சியத்தில்தான் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்லது. அதைப் போக விடாதீர்கள். களஞ்சியக்காரரிடம் பேசி, அங்கே உள்ள உங்கள் ஆள் விநியோகச் சீட்டில் வெறும் கையெழுத்துப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "200 பைகளுக்குப் பதிலாக 162 மட்டும் கிடைத்தன, 38 குறைவு" என்று சீட்டின் எல்லாப் பிரதிகளிலும் எழுதி, நேரம் போட்டு, டிரைவர், களஞ்சியப் பொறுப்பாளர், எண்ணியவர் மூவரும் கையெழுத்திட வேண்டும். குறிப்பில்லாத சீட்டு, சரக்கு முழுதாகச் சேர்ந்தது என்பதற்கான சான்றாகிவிடும். பிறகு எத்தனை கடிதம் எழுதினாலும் அந்தச் சீட்டைத்தான் நீட்டுவார்கள்.

லொறிக் கதவில் போட்டிருக்கும் இலக்கமிட்ட சீல் விஷயத்தில் பலர் தவறுவது இங்கேதான். அவசரத்தில் வெட்டிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். வெட்டிய சீலை ஒரு உறையில் போட்டு, இலக்கத்தையும் தேதியையும் மேலே எழுதி, இரண்டு பேரின் கையெழுத்தோடு வையுங்கள். சரக்கோடு அனுப்பிய டெஸ்பேட்ச் நோட்டில் உள்ள இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். இலக்கம் ஒன்றாக இருந்தால் திருட்டே நடக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். கதவுக் கைப்பிடியின் ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை இறுக்குவார்கள், அல்லது கீல் பக்கத்து போல்ட்டைக் கழற்றிக் கதவை அப்படியே தூக்குவார்கள். சீல் தொடாமல் இருக்கும். ஆகவே ரிவெட்டின் தலை, போல்ட்டின் நெளி, புதுப் பெயின்ட், சுரண்டல் எல்லாவற்றையும் கிட்டே போய்ப் படமெடுக்கச் சொல்லுங்கள். தார்ப்பாய் லொறி என்றால் கயிற்றின் முடிச்சும், தார்ப்பாயின் பின்மூலைகளும், கிழிந்து தைத்த இடமும்தான் பேசும். கினிகத்தேனைக்குக் கீழே வளைவுகளில் லொறி ஊர்ந்துதான் இறங்கும். அந்த வேகத்தில் பின்னால் ஏறிப் பைகளைக் கீழே தள்ளுவது நடக்காத காரியமல்ல. ஆனால் 38 பை அப்படிப் போகாது. ஒரு பை 50 கிலோ என்று வைத்தால் 1,900 கிலோ. அதை இறக்க இன்னொரு வாகனமும், கைகளும், நிற்க ஓர் இடமும் வேண்டும். ஆகவே அந்த இரவு நிறுத்தத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து, காணாமற்போன 38 பைகளின் அடையாளம். இது தேயிலைக்கு உள்ள பெரிய வசதி. ஒவ்வொரு பையிலும் தோட்டத்தின் விற்பனைப் பெயர், தரம், இன்வாய்ஸ் இலக்கம் (ஒன்றாகப் பொதி செய்த ஒரு தொகுதியைத்தான் இன்வாய்ஸ் என்கிறோம்), பையின் வரிசை இலக்கம், மொத்த எடை, நிகர எடை அச்சிட்டிருக்கும். வந்த 162 பைகளின் வரிசை இலக்கங்களை எழுதி, டெஸ்பேட்ச் பட்டியலில் அவற்றை அடித்துவிட்டால் மீதி எந்த 38 என்று வெளிப்படும். "38 பை பி.ஓ.பி.எஃப்." என்று தரத்தின் பெயரை மட்டும் சொல்வதற்கும், "இன்வாய்ஸ் இன்னது, வரிசை 81 முதல் 118 வரை" என்பதற்கும் பொலிஸ் புத்தகத்தில் மலையளவு வித்தியாசம். தொடர்ச்சியான இலக்கங்கள் போயிருந்தால் ஒரு பக்கத்திலிருந்து அடுக்காக இறக்கியிருக்கிறார்கள். சிதறிய இலக்கங்கள் என்றால் ஏற்றும்போதே எண்ணிக்கையில் பிழை இருந்திருக்கலாம். அதனால் பெக்டரியில் உள்ள இருப்பையும் இன்றே எண்ணிவிடுங்கள். முறைப்பாடு கொடுத்த பிறகு 38 பையும் ஸ்டோரின் மூலையில் கிடைத்தால் வரும் அவமானம் ஒரு பக்கம், அடுத்த முறை யாரும் நம்பமாட்டார்கள் என்பது இன்னொரு பக்கம்.

வந்த பைகளையும் நிறுத்துப் பாருங்கள், எண்ணினால் மட்டும் போதாது. அடித்தையலைப் பிரித்து ஐந்தாறு கிலோ எடுத்துவிட்டுத் திரும்பத் தைப்பது பழைய வழி. எடையைச் சரிக்கட்ட மணலோ, தயாரிப்பில் ஒதுக்கப்படும் கழிவுத் தேயிலையோ போட்டிருப்பார்கள். ஒரு பையைச் சாய்த்துக் கொட்டினால் தெரிந்துவிடும்.

பெக்டரியில் ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் எடுத்து வைக்கும் மாதிரி இருக்கும். அந்த இன்வாய்ஸின் மாதிரி டப்பாவை இன்றே தனியாக எடுத்து, மூடி, தாள் ஒட்டி, தயாரிப்புக்குப் பொறுப்பான டீ மேக்கரும் இன்னொருவரும் கையெழுத்திட்டுப் பூட்டி வையுங்கள். திருடியவர்கள் உங்கள் பெயர் போட்ட பையை வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள், வேறு சாக்கில் மாற்றிவிடுவார்கள். அப்போது தூளின் இலைத் தோற்றத்தையும் சாயத்தையும் ஒப்பிட உங்களிடம் இருப்பது அந்த மாதிரி ஒன்றுதான். அது தனியாக நின்று எதையும் நிரூபிக்காது, மற்றச் சான்றுகளுக்குத் தோள் கொடுக்கும்.

பொலிஸ் விஷயத்துக்கு வருகிறேன். "எங்கள் எல்லை இல்லை" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109 ஆம் பிரிவு, குற்றம் பற்றிய தகவலை எப்படிப் பதிய வேண்டும் என்று சொல்கிறது. வாய்மொழியாகச் சொன்னாலும் அதை எழுதி, உங்களுக்கு வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். நீங்கள் சொல்லும் மொழியில் எழுத அதிகாரியால் முடியாவிட்டால், எழுத்தில் தரும்படி உங்களைக் கேட்க வேண்டும். மலையகத்தில் இது வெறும் சட்டப் பேச்சல்ல. தமிழில் சொன்னது சிங்களத்தில் பதிவாகி, புரியாமலே கையெழுத்திட்டு, பிறகு நீதிமன்றத்தில் "நீர் 30 பை என்றுதானே சொன்னீர்" என்ற கேள்வியில் சிக்கியவர்கள் உண்டு. ஆகவே தட்டச்சு செய்த தமிழ் முறைப்பாட்டைக் கையில் கொண்டு போங்கள். இரண்டு பிரதி. ஒன்றில் பெற்றுக்கொண்டதாகத் தேதியும் முத்திரையும் வாங்குங்கள்.

எந்த நிலையம் என்றால், பயணத்தின் நடுவே நடந்த குற்றத்தையும், எந்த இடத்தில் நடந்தது என்று தெளிவில்லாத குற்றத்தையும் அந்தப் பாதையில் உள்ள நீதிமன்றங்களில் எதுவும் விசாரிக்க வழி இருக்கிறது. நடைமுறையில், குறைவு கண்டுபிடிக்கப்பட்ட களஞ்சியப் பகுதி நிலையத்தில் உங்கள் ஆள் இன்றே ஒரு பதிவு போடட்டும், ஏனென்றால் லொறியும் டிரைவரும் அங்கே இருக்கிறார்கள். சரக்கு புறப்பட்ட உங்கள் பகுதி நிலையத்திலும் ஒரு பதிவு போடுங்கள். இரவு நின்ற இடம் ஏ-7 பாதையில் கித்துல்கலையா, எட்டியாந்தோட்டையா, அவிசாவளையா என்று தெரிந்தால் அந்த நிலையத்தின் பெயரை இரண்டு முறைப்பாட்டிலும் எழுதுங்கள். ஒன்றின் இலக்கத்தை மற்றதில் குறிப்பிடுங்கள், இல்லையென்றால் இரட்டை முறைப்பாடு என்று இரண்டும் ஒதுக்கப்படும். அப்படியும் ஏற்க மறுத்தால் நிலையப் பொறுப்பதிகாரியை (ஓ.ஐ.சி.) பாருங்கள், பிறகு அந்தப் பிரிவின் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அதற்கும் மேலே தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டி வராது. எழுத்தில் கொண்டு போனாலே பாதிப் பேச்சு குறைந்துவிடும்.

முறைப்பாட்டில் என்ன எழுதுவது? கம்பனியின் அதிகாரக் கடிதத்தோடு யார் வந்திருக்கிறார், சரக்கு யாருடையது, ஏற்றிய தேதி, நேரம், பை எண்ணிக்கை, தரம், நிகர எடை, சீல் இலக்கம், லொறி இலக்கம், சாரதியின் பெயரும் அனுமதிப்பத்திர இலக்கமும், கிளீனர் இருந்தாரா, பாதை, நின்ற இடமும் நேரமும் யார் சொன்னபடி, குறைவு தெரிந்த நேரம், யார் முன்னிலையில். மதிப்பைச் சொல்லும்போது கற்பனைத் தொகை போடாதீர்கள். அதே விற்பனைப் பெயர், அதே தரம் கொழும்பு ஏலத்தில் கடைசியாகப் போன விலையை, ஏலத்தில் உங்கள் தேயிலையை விற்றுத்தரும் புரோக்கரிடம் எழுத்தில் வாங்கி, கிலோவால் பெருக்குங்கள். எழுதும் விதம் இப்படி இருக்கலாம்:

"மேற்படி 38 பைகளும் எமது தொழிற்சாலையில் ஏற்றப்பட்டமைக்கு ஏற்றல் பட்டியலும் கேட் பாஸும் உண்டு. களஞ்சியத்தில் இறக்கியபோது அவை இருக்கவில்லை. இடையில் லொறி நின்றதாகச் சாரதி கூறுகிறார். இவற்றைக் களவாடியவர் யார் என்பது எமக்குத் தெரியாது. விசாரித்து, பொருளைக் கண்டுபிடித்துத் தருமாறு வேண்டுகிறோம்."

"எமக்குத் தெரியாது" என்ற வரியை எடுக்காதீர்கள். லொறிக்காரர் சொன்னார் என்பதற்காக "சாரதி திருடினார்" என்று எழுதினால், அது பொய்யென்று தெரியும் நாளில் உங்கள் முறைப்பாடு முழுவதும் சாயும். என்ன குற்றம் என்று பெயர் வைப்பது பொலிஸின் வேலை. வெளி ஆள் எடுத்திருந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 367 ஆம் பிரிவின் கீழ் களவு. சரக்கை ஏற்றிச் செல்ல ஒப்படைக்கப்பட்டவரே விழுங்கியிருந்தால் 390 ஆம் பிரிவு, ஏற்றிச் செல்வோர் செய்யும் நம்பிக்கை மோசடி. உங்கள் சொந்த ஊழியர் என்றால் 391. வாங்கியவர் களவு என்று தெரிந்தே வாங்கியிருந்தால் 394. அதனால்தான் பொலிஸார் வாடகை ஒப்பந்தத்தைக் கேட்பார்கள். அரசுக்குச் சொந்தமான தோட்டத்தின் சரக்கு என்றால் 1982 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பொதுச் சொத்துச் சட்டமும் வரும், பிணை எடுப்பது கடினமாகும்.

வெளியே வருமுன் முறைப்பாட்டின் இலக்கம், எந்தப் புத்தகம், பக்கம், பந்தி, எழுதிய அதிகாரியின் பெயர் ஐந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சான்றுப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பியுங்கள், காப்புறுதிக்கு அது இல்லாமல் ஆகாது.

சி.சி.டி.வி. பதிவு நாளுக்கு நாள் அழிந்துகொண்டிருக்கும். பெட்ரோல் ஷெட், சாப்பாட்டுக் கடை, வங்கி வாசல், நகர எல்லை எங்கேயும் சில நாட்களில், கூடினால் சில வாரங்களில், பழையதன் மேல் புதியது பதிந்துவிடும். ஜி.பி.எஸ். தடமும் அப்படித்தான், வாடகைக் கம்பனியின் கணக்கில் கொஞ்ச நாட்களுக்கே இருக்கும். இன்றே தரவிறக்கித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். நின்ற இடம், நேரம் தெரிந்ததும் ஒருவரை அனுப்பி, எங்கெங்கே கேமரா இருக்கிறது என்று பட்டியல் எடுங்கள். கடைக்காரரிடம் பதிவை அழியாமல் வைக்கும்படி பணிவாகக் கேட்டு, அந்தப் பட்டியலைப் பொலிஸுக்குக் கொடுங்கள். பதிவை எடுப்பது அவர்கள் வேலை. நீங்கள் பென் டிரைவில் பிரதி எடுத்து வாட்ஸ்அப்பில் பரப்பினால், வாங்கியவனுக்குத்தான் முதல் எச்சரிக்கை போய்ச் சேரும்.

அதேபோல், சரக்கு எங்கே இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஆட்களைத் திரட்டிக்கொண்டு போகாதீர்கள். "இவ்வளவு கொடுத்தால் திருப்பித் தருவோம்" என்று தரகர் பேசினால் அந்த எண்ணையும் நேரத்தையும் குறித்துப் பொலிஸில் கொடுங்கள். பணம் கொடுத்து மீட்ட சரக்குக்குக் காப்புறுதியும் இல்லை, வழக்கும் இல்லை, அடுத்த மாதம் அதே லொறிக்கு மறுபடி கை நீளும்.

முழு லொறியே காணாமற்போனால் வரிசை மாறும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடியிருக்கலாம், பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லாமல் இருக்கலாம். டிரைவர், கிளீனர், உரிமையாளர், ஜி.பி.எஸ். நான்கையும் அரை மணி நேரத்துக்குள் பார்த்துவிடுங்கள். பிறகும் தடமில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அழையுங்கள். லொறி இலக்கம், நிறம், தார்ப்பாயின் நிறம், பக்கவாட்டில் உள்ள எழுத்து, சேசிஸ், என்ஜின் இலக்கங்கள் கையில் இருக்க வேண்டும். இலக்கத்தகடு மாற்றப்படும், தார்ப்பாயின் ஒட்டுத் தையல் மாற்றப்படாது.

மரக்கறிக்கு நேரம் இன்னும் குறைவு. நுவரெலியாவிலிருந்தோ வெலிமடையிலிருந்தோ போகும் கரட்டும் லீக்ஸும் தம்புள்ளையிலோ பேலியகொடையிலோ விடிவதற்குள் கைமாறிவிடும். அங்கே உங்கள் கமிஷன் கடைக்காரருக்கு உடனே சொல்வதுதான் பயன் தரும்.

தேயிலைக்குத் திரும்புவோம். பொலிஸுக்கு அடுத்து அறிவிக்க வேண்டியவர்கள் இருவர். ஒருவர் புரோக்கர். அந்த இன்வாய்ஸ் ஏலக் கெட்டலொக்கில் சேர்ந்திருந்தால் எண்ணிக்கையைத் திருத்தவோ அந்த லொட்டை (ஏலத்துக்கு வைத்த தொகுதியை) விலக்கவோ வேண்டும். இன்னொன்று இலங்கை தேயிலைச் சபை. கழிவுத் தேயிலை வியாபாரத்துக்கும் அதைக் கொண்டு போவதற்கும் அனுமதி கொடுப்பது அந்தச் சபை. திருட்டுத் தூள் பெரும்பாலும் கழிவுத் தேயிலை என்ற பெயரில்தான் நகரும். பை இலக்கங்களோடு எழுத்தில் கொடுத்தால், அவர்களின் சோதனையில் சாக்கு மாற்றிய தூள் அகப்படும்போது ஒப்பிட ஏதாவது இருக்கும்.

காப்புறுதி. முதலில் யாருடைய பொலிசி என்று பாருங்கள்: உங்கள் கம்பனியின் சரக்குப் போக்குவரத்துப் பொலிசியா, லொறிக்காரரின் பொறுப்புப் பொலிசியா? லொறியின் மோட்டார் காப்புறுதி சரக்கை மூடாது. இதில் ஏமாந்தவர்கள் அதிகம். உங்களுடையது என்றால் இன்றே தொலைபேசியிலும், பின்னாலேயே மின்னஞ்சலிலும் அறிவியுங்கள். நட்டத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும் வரை லொறியையும் பைகளையும் கலைக்காதீர்கள். பொலிசியில் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள்: ஆளில்லாமல் நின்ற வாகனத்திலிருந்து நடந்த திருட்டு, ஊழியரின் நேர்மையின்மை, உங்கள் பங்காகக் கழிக்கப்படும் தொகை. உங்கள் விஷயத்தில் முதல் வரிதான் ஆபத்து. டிரைவரும் கிளீனரும் லொறியை விட்டு எங்கே போனார்கள், எவ்வளவு நேரம், கதவு பூட்டியிருந்ததா என்பதற்குக் கிடைக்கும் பதிலில்தான் பணம் நிற்கிறது. பதிலை அழகுபடுத்தச் சொல்லி டிரைவரை வற்புறுத்தாதீர்கள். பொலிஸில் ஒன்று, சர்வேயரிடம் ஒன்று என்று இரண்டு கதை வந்தால் கோரிக்கை அங்கேயே முடிந்துவிடும்.

லொறிக்காரருக்கும் இன்றே பதிவுத் தபாலில் நட்டக் கோரிக்கை அனுப்புங்கள். ஆனால் "பாதி தருகிறேன், முடித்துக்கொள்வோம்" என்று அவர் வந்தால் காப்புறுதிக்காரரின் எழுத்துச் சம்மதமில்லாமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள். உங்களுக்குப் பணம் கொடுத்த பிறகு லொறிக்காரரிடம் அறவிடும் உரிமை காப்புறுதிக் கம்பனிக்குப் போகிறது. அந்த உரிமையை நீங்கள் முன்கூட்டியே விட்டுக்கொடுத்தால் உங்கள் கோரிக்கையை மறுக்கக் காரணம் கிடைத்துவிடும்.

சரக்கு கிடைத்தால்? பொலிஸார் கைப்பற்றிய களவுப் பொருளை நீதவானுக்கு அறிவிக்க வேண்டும். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 431 ஆம் பிரிவின் கீழ், உரியவரிடம் ஒப்படைக்க நீதவான் கட்டளையிடலாம். வழக்கு முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. தேயிலைக்கு இது உயிர்ப் பிரச்சினை. டிரையரிலிருந்து 3 சதவீத ஈரத்தோடு வரும் தூள், ஹட்டன் மழையில் பொலிஸ் முற்றத்துக் கொட்டகையில் கிடந்தால் ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சை பிடிக்கும். பக்கத்தில் டீசல் பீப்பாய் இருந்தால் அந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே சட்டத்தரணி மூலம் உடனே விண்ணப்பித்து, படம், மாதிரி, எடைப் பட்டியல் ஆகியவற்றைச் சான்றாக வைத்துக்கொண்டு, பிணைமுறியின் பேரில் சரக்கை விடுவிக்கக் கேளுங்கள். கையில் வந்ததும் மற்ற இன்வாய்ஸோடு கலந்துவிடாதீர்கள். எங்கே, எதன் பக்கத்தில், எந்தச் சாக்கில் இருந்தது என்று யாருக்கும் தெரியாத தூள் அது. தனியாக வைத்து ஈரமும் சுவையும் பார்த்து, புரோக்கரின் கருத்தை எழுத்தில் வாங்கிய பிறகே அடுத்தது.

கடைசியாக டிரைவர். சம்பளத்தில் பிடிக்காதீர்கள். 1,900 கிலோ தேயிலையின் பணத்தை ஒரு டிரைவரின் மாதச் சம்பளத்தில் ஆயுள் முழுக்கப் பிடித்தாலும் தீராது. சட்டம் அனுமதிக்காத பிடித்தம் என்று அவர் தொழில் திணைக்களத்துக்குப் போனால் பதில் சொல்ல வேண்டியவர் அவரது முதலாளி. அவரை அறையில் பூட்டி வைத்தோ அடித்தோ விசாரிக்க யாருக்கும் உரிமையில்லை. லொறிக்காரர் அப்படிச் செய்தால் நீங்கள் தடுக்க வேண்டும், ஏனென்றால் அந்த இரவில் என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய முதல் சாட்சி அவர்தான். கைபேசியைப் பிடுங்காதீர்கள், அழைப்புப் பதிவு தேவையென்றால் பொலிஸார் நீதிமன்றக் கட்டளையோடு எடுப்பார்கள். புறப்பட்ட நேரம், தேநீர் குடித்த இடம், நின்ற காரணம், யார் வந்து பேசினார்கள் என்பதை நினைவு மங்குவதற்குள் அவரே தன் கையால் தமிழில் எழுதித் தரட்டும். கிளீனர் வேறு இடத்தில் உட்கார்ந்து வேறாக எழுதட்டும். இருவரும் பொலிஸுக்குப் போகும்போது தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரையும் கூட அனுப்பிவையுங்கள்.